தாயை விற்பதற்கு முன்னால் கிடாவைப் பாருங்கள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறான். என் பதிவுகளைத் தொடர்ந்து படிக்கிறவன். குரலில் பதற்றம்.

“அண்ணா, எட்டுத் தாய் வாங்கி விட்டேனுங்ணா. அதுல நாலு நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு தடவை சேத்தியாச்சு. இருபத்தோராம் நாள் டான்னு மறுபடியும் பருவத்துக்கு வந்து நிக்குது. மலட்டைத் தலையில கட்டிட்டாங்க போலிருக்கு. வியாபாரி வந்திருக்காரு, கறிக்கு ஏத்தி விட்டுறலாமாங்ணா?”

“கிடா எப்படிப்பா இருக்குது?”

“கிடாவுக்கு என்னங்ணா, சூப்பரா இருக்குது. இருநூறு கிலோவுக்குக் கொறையாது. தாயைக் கண்டா விட மாட்டேங்குது.”

“அதோட விந்தை யாராச்சும் பாத்தீங்களா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அதை எதுக்குங்ணா பாக்கணும்?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பன்றி என்றதும் முகம் சுளிக்கிறவர்களும் கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள். விஷயம் பன்றியோடு நிற்காது.

முதலில் நகரத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சாக்கடை ஓரத்தில் பார்க்கிற கறுப்புப் பன்றி வேறு, நாங்கள் பட்டி கட்டி வளர்க்கிற வெண்பன்றி வேறு. இது லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் என்கிற இங்கிலாந்துச் சாதி. சுத்த இனமாகவும் இருக்கும், நாட்டுப் பன்றியோடு கலந்த கலப்பாகவும் இருக்கும். ஒரு தாய் ஒரு ஈத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு குட்டி வரை போடும். சினைக்காலம் 114 நாள். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள். பால்குடி மறந்த ஒரு வாரம் பத்து நாளில் மறுபடியும் பருவத்துக்கு வரும். ஒழுங்காக நடந்தால் வருசத்துக்கு இரண்டு ஈத்து. இந்தக் கணக்கை நம்பித்தான் தீவனம், கடன் தவணை, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் எல்லாம் ஓடுகிறது.

என்னிடம் பதினாலு தாய் இருக்கிறது. ஒரே ஒரு ஆண் பன்றி. ஆட்டில் சொல்வது போலவே இதையும் கிடா என்றுதான் சொல்வேன். இந்தப் பதினாலுக்கு ஒன்று என்கிற கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு தாய்க்குக் கோளாறு வந்தால் எனக்கு ஒரு ஈத்து போகும். கிடாவுக்குக் கோளாறு வந்தால் பதினாலு தாயும் சும்மா நின்று தீவனம் தின்னும். அப்படியென்றால் நான் யாரை முதலில் சோதிக்க வேண்டும்? கேட்டால் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். ஆனால் நான் பண்ணை வைத்த முதல் ஐந்து வருசம் கிடாவை ஒரு தடவை கூடச் சோதித்தது இல்லை. அது ஏறுகிறதா என்று பார்ப்பேன், ஏறியதும் நோட்டில் தேதி எழுதுவேன். அதோடு சரி.

அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

ஒரு வருசம் வைகாசிக் கடைசியில் ஆறு தாய்க்குக் குட்டி பிரித்தேன். ஆனி பிறந்த கையோடு ஆறும் பருவத்துக்கு வந்தது. ஆறையும் கிடாவோடு சேர்த்தேன். இருபத்தோரு நாள் கழித்து மூன்று திரும்பியது. மறுபடி சேர்த்தேன். அடுத்த இருபத்தோரு நாளில் அதே மூன்றும் திரும்பியது. ஆடிக் காற்று அடிக்கிறது, வெயில் இல்லை, தீவனத்தில் குறை வைக்கவில்லை, கிடா திமிராக நிற்கிறது. வேறு என்ன முடிவுக்கு வருவேன்? மூன்றும் மலடாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். வியாபாரியைக் கூப்பிட்டுக் கறி விலைக்கு ஏற்றிவிட்டேன். அதில் ஒன்று முந்தின ஈத்தில் பதினொரு குட்டி போட்டு பதினொன்றையும் காப்பாற்றிய தாய். வண்டியில் ஏற மாட்டேன் என்று காலை ஊன்றி நின்றது. நான்தான் பின்னாலிருந்து தள்ளினேன்.

மீதி மூன்று சினை நின்றது. ஐப்பசியில் ஈன்றது. நாலு, அஞ்சு, அஞ்சு. மூன்று தாயும் சேர்ந்து பதினாலே குட்டி. தவிட்டில் ஏதோ கலப்படம் என்று தவிட்டுக்காரரோடு சண்டை போட்டேன். பாவம் அந்த மனுசன்.

மார்கழியில் ஒரு வேலையாகப் பக்கத்துத் தாலுக்காவில் ஒரு சின்னப் பண்ணைக்குப் போனேன். மூன்று நாலு தாய் மட்டும் வைத்திருக்கிற பெரியவர். அவர் பட்டியில் ஒரு தாய் படுத்திருந்தது. மடியில் குட்டிகள் இரண்டு வரிசையாக. காதைப் பார்த்தேன். என் பண்ணையில் நான் வெட்டிய அடையாள வெட்டு. சந்தேகமே இல்லை, அதேதான்.

“இது எங்கீங்க பிடிச்சது?”

“வியாபாரிகிட்டங்க. கறிக்குக் கொண்டு போறேன்னான். மடியைப் பாத்தேன், வயசும் இல்ல, வெட்ட மனசு வரல. கொஞ்சம் கூடக் குடுத்து எறக்கிக்கிட்டேன். ஆடிக் கடைசியில நம்ம கிடாவுக்கு ஒரே தடவைதான் சேத்துனது. நின்னுபோச்சு. பத்துக் குட்டிங்க.”

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தாயும் என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. மற்ற இரண்டும் எப்போதோ கறியாகியிருக்கும். மூன்றிலும் குறை இல்லாமல் இருந்திருக்கலாம். இனி யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, உங்க அக்காவுக்கு நடந்ததுதானே இதுவும்?”

சாப்பாடு இறங்கவில்லை.

என் அக்காவைக் கல்யாணம் செய்து கொடுத்து ஆறு வருசம் குழந்தை இல்லை. அந்த ஆறு வருசமும் ஊரில் அவளைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் முன்னால் நிற்க விட மாட்டார்கள். சுற்றாத கோயில் இல்லை, இருக்காத விரதம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ரத்தம், கருக்குழாய் அடைப்புச் சோதனை என்று எல்லாம் அவளுக்குத்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தாலும், “அப்புறம் ஏன் தங்கல?” என்று அவளைத்தான் கேட்டார்கள். மாமாவைச் சோதிக்கலாம் என்று ஒரு டாக்டரம்மா சொன்னபோது அவர் எழுந்து வந்துவிட்டார். “எனக்கு என்ன குறை? நூறு கிலோ மூட்டையை ஒத்தை ஆளாத் தூக்கறேன்.” இது அவர் சொன்ன பதில்.

கடைசியில் அதே டாக்டரம்மா விடாப்பிடியாக நின்றதால் போனார். விதைப்பையில் ரத்த நாளம் சுருண்டு வீங்கியிருந்தது. அதனால் அந்த இடத்தில் சூடு அதிகமாகி, விந்தணு எண்ணிக்கை குறைந்துபோயிருந்தது. சின்ன ஆபரேஷன். ஒரு வருசம் கழித்து அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பிள்ளை இப்போது காலேஜ் படிக்கிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அந்த ஆறு வருசம் அக்கா கேட்ட பேச்சை யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்?

மனுசனைப் பன்றியோடு ஒப்பிடுகிறான் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வயசுக்கு வந்தவர்களில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மைப் பிரச்சினையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணம் தனியாகவோ, பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வதுதான். தெரிந்தும் சோதனையை யாரிடமிருந்து தொடங்குகிறோம்? பட்டியிலும் அதே புத்தி, வீட்டிலும் அதே புத்தி. என் வாதம் இதுதான். குறை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் தேடுகிறோம். பருவம் திரும்புவது தாயிடம் தெரிகிறது, அதனால் தாய் குற்றவாளி. கிடாவின் குறை கண்ணுக்குத் தெரியாது, அதனால் கிடா சுத்தம்.

சரி, அந்த வருசம் என் கிடாவுக்கு என்னதான் ஆகியிருக்கும்? தை மாசம் எங்கள் பக்கத்துக் கால்நடை டாக்டரிடம் போய் முழுக் கதையையும் சொன்னேன். அவர் நோட்டை வாங்கித் தேதிகளைப் பார்த்தார். சேர்த்த தேதியைப் பார்த்துவிட்டுக் காலண்டரைப் பின்னால் திருப்பினார்.

“அக்னி நட்சத்திரத்துல கிடா எங்க நின்னுச்சு?”

“தகரக் கொட்டகையிலதானுங்க.”

“அங்கதான் போச்சு.”

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். விந்தணு உண்டாக, உடம்பு சூட்டை விடச் சில டிகிரி குறைவான சூடு வேண்டும். அதனால்தான் ஆண்டவன் விதையை உடம்புக்கு வெளியே வைத்திருக்கிறான். காளைக்கு விதைப்பை நன்றாகக் கீழே தொங்கும், காற்றோட்டம் கிடைக்கும். பன்றிக்கு அது பின்பக்கம் உடம்போடு ஒட்டியபடி இருக்கும். போதாததற்குப் பன்றிக்கு நம்மைப் போல வேர்த்துக் குளிர்கிற வழி கிடையாது. சேற்றில் புரள்வது அழுக்கு ஆசையில் அல்ல, உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான். முப்பது டிகிரிக்கு மேலான வெயிலில் நாள் கணக்கில் தகரத்துக்குக் கீழே நின்றால், விதையில் உருவாகிக்கொண்டிருக்கிற அணுக்கள் கெட்டுப்போகும்.

இதில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு விந்தணு விதையில் உருவாகச் சுமார் ஐந்து வாரம் ஆகும். பிறகு குழாயில் முதிர்ந்து வெளியே வர இன்னும் ஒன்றரை வாரம். ஆக ஆறு ஏழு வாரம். சித்திரை 21-லிருந்து வைகாசி 14 வரை அடித்த கத்திரி வெயிலில் கெட்ட சரக்கு, வெயில் எல்லாம் தணிந்து ஆனிக் காற்று சிலுசிலு என்று அடிக்கும்போதுதான் வெளியே வருகிறது. அப்போது யாருக்கு வெயில் ஞாபகம் வரும்? தாய் நிற்கவில்லை என்றால் தாயைத்தான் பார்ப்போம். ஆடிக் கடைசிக்குள் கிடா தானாகச் சரியாகிவிடும். அதற்குள் மலடு என்று பேர் வாங்கின தாய் வண்டியேறிப் போயிருக்கும். மிச்சமிருக்கிற தாய்கள் நிற்க ஆரம்பித்ததும், “பாத்தியா, மலட்டைக் கழிச்சதும் பண்ணை சரியாயிருச்சு” என்று நாமே நம் முதுகில் தட்டிக்கொள்வோம். தப்பான வைத்தியத்துக்குச் சரியான பலன் கிடைத்த மாதிரி ஒரு தோற்றம். இதை விட மோசமான வாத்தியார் விவசாயிக்குக் கிடையாது.

இன்னொன்று. வெயிலில் விந்து கெட்ட கிடா சுணங்கி நிற்க வேண்டும் என்று இல்லை. ஏறுகிற ஆசை வேறு கணக்கு, விந்தணு உற்பத்தி வேறு கணக்கு. ஒன்று நன்றாக இருப்பதால் இன்னொன்றும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மூட்டை தூக்குகிற மாமாவின் கதைதான்.

அந்தத் தை மாசமே டாக்டர் கிடாவின் விந்தை எடுத்துச் சோதித்தார். முதல் தடவையாக நான் அதைப் பார்த்தேன். மரத்தில் செய்த போலித் தாய் மேல் கிடாவை ஏற்றி, கையுறை போட்ட கையால் பிடித்து விந்தைச் சேகரிக்கிறார்கள். ஐந்திலிருந்து பத்து நிமிசம் வரை ஆகிறது. இருநூறு மில்லிக்கு மேல் வந்தது. காளைக்குச் சில மில்லிதான், இதுக்கு ஒரு சொம்பு. அதில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரிக் கட்டியாக வருவதை மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டு, மிச்சத்தைச் சூடு குறையாமல் வைத்து, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். கண்ணை வைத்ததும் அசந்துபோனேன். புற்றுக்குள் கையை விட்டால் ஈசல் கிளம்புமே, அந்த மாதிரி ஒரே ஓட்டம். “இது நல்ல சரக்கு. நூத்துக்கு எழுபதுக்கு மேல ஓடணும். கோணல் மாணலா இருக்கறது இருபதுக்குள்ள இருக்கணும். இதை மறுபடி ஆனியில கொண்டாங்க” என்றார்.

ஆனியில் அதே கிடா, அதே தகரக் கொட்டகை. இந்தத் தடவை எட்டிப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. பாதிக்கு மேல் அசையாமல் கிடந்தது. வால் மடங்கினது, நின்ற இடத்திலேயே வட்டம் அடிப்பது என்று என்னென்னவோ. கொட்டகைக்கு வெளியே அந்தக் கிடா வாயில் நுரை தள்ளிக்கொண்டு, தாய்ப் பட்டிப் பக்கம் போகத் துடித்துக்கொண்டிருந்தது. பார்க்க அதே கிடாதான்.

அந்த மாசம் ஒரு தாயைக் கூட நான் விற்கவில்லை. பருவம் திரும்பினதைத் திட்டவும் இல்லை. பெரியவர் கிடாவிடம் இரண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாமா என்று கூட யோசித்தேன். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார், காரணம் பின்னால் சொல்கிறேன். கிடாவுக்குத் தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தேன். கொட்டகையை வேப்பமர நிழலுக்கு ஒட்டி மாற்றினேன். மதியம் பதினொன்றிலிருந்து நாலு வரை நனைந்த சாக்கும் தண்ணீர்த் தெளிப்பும். படுத்துப் புரள ஒரு சிமெண்டுத் தொட்டி. பெரிய செலவு ஒன்றும் இல்லை. அடுத்த வருசம் ஆனியில் எட்டுத் தாயைச் சேர்த்தேன், ஒன்று மட்டும்தான் திரும்பியது.

வெயில் ஒரு காரணம்தான். என் அனுபவத்திலும் டாக்டர் சொல்லியும் தெரிந்த மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

காய்ச்சல். கிடாவுக்கு எந்த நோயால் கடும் காய்ச்சல் வந்தாலும் வெயில் செய்கிற அதே வேலையைக் காய்ச்சல் செய்யும். காய்ச்சல் விட்டு, தீவனம் எடுத்து, தெம்பாக நின்றாலும் அடுத்த ஆறு ஏழு வாரம் அதை நம்ப முடியாது. தேதியை எழுதி வையுங்கள்.

பூஞ்சைச் சோளம். மழையில் நனைந்த மக்காச்சோளம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோம். பூஞ்சை பிடித்த சோளத்தில் உண்டாகிற ஒரு நஞ்சு உடம்புக்குள் போய்ப் பெண் ஹார்மோன் போலவே நடிக்கும். கிடாவையும் கெடுக்கும், தாயின் பருவத்தையும் குழப்பும்.

அவசரம். ஆறு மாசத்திலேயே கிடா ஏறப் பார்க்கும். எட்டு மாசம் ஆகட்டும். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை போதும். வளர்ந்த கிடாவாக இருந்தாலும் தினம் தினம் சேர்த்தால் முதிராத அணுதான் வரும். ரொம்ப நாள் சும்மா விட்டாலும் பழசு தேங்கிக் கெட்டிருக்கும். தம்பியின் கிடா தினமும் ஏறுகிறது என்று பெருமையாகச் சொன்னானே, அது பெருமை இல்லை.

கொழுப்பு. இருநூறு கிலோ என்று சொல்வதில் ஒரு கௌரவம். கறிப் பன்றிக்குப் போடுகிற மாதிரிக் கிடாவுக்குத் தீவனம் கொட்டினால் கால் போகும், சோம்பல் வரும். அளவாகத்தான் போட வேண்டும். தரை வழுக்கக் கூடாது. கால் வலிக்கிற கிடா எப்படி ஏறும்?

சொந்தத்தில் சேர்ப்பது. கிடா நல்லாயிருக்கிறது என்று அதன் மகள்களுக்கே அதைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். குட்டி எண்ணிக்கை குறையும், குறையுள்ள குட்டி வரும். மகள் பருவத்துக்கு வருவதற்குள் கிடாவை மாற்றுங்கள்.

இப்போது டாக்டர் ஏன் வேண்டாம் என்றார் என்பதற்கு வருகிறேன். நம் ஊரில் பத்துப் பண்ணைக்கு இரண்டு மூன்று கிடாதான் இருக்கும். பருவத்துக்கு வந்த தாயை ஓட்டிக்கொண்டு போவார்கள், அல்லது கிடாவை டெம்போவில் கொண்டுவருவார்கள். நட்புக்காக, சில நேரம் ஒரு குட்டிக் கூலிக்காக. இந்த நட்பில் புருசெல்லா போன்ற கருச்சிதைவு நோய் ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்குப் போகும். 2020-ல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தது. 2022-ல் வயநாடு வரை வந்து, பக்கத்து வீட்டுக் கதையாகிவிட்டது. அதற்குத் தடுப்பூசி போட்டுத் தப்பிக்கிற வழி நம்மிடம் இல்லை. வந்தால் பட்டி முழுக்க அழிப்பதுதான். ஒரு கிடா நாலு ஊர் சுற்றுகிற காலம் முடிந்துவிட்டது.

அப்படியென்றால் சின்ன விவசாயி என்ன செய்வான்? இங்கேதான் எனக்கு அரசாங்கத்தின் மேல் ஒரு மனக்குறை.

மாட்டுக்குப் பாருங்கள். ஒரு போன் செய்தால் சினை ஊசி வீட்டு வாசலுக்கு வருகிறது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்த குச்சியை எத்தனை வருசம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அந்தக் குச்சிக்குப் பின்னால் சோதித்துப் பார்த்த காளை இருக்கிறது. பன்றிக்கு அந்த வசதி இல்லை, அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. பன்றியின் விந்தணு குளிர் தாங்காது. 15 டிகிரிக்குக் கீழே போனாலே அடிபடும். அதனால் சத்துக்கரைசல் கலந்து 17 டிகிரி வாக்கில் திரவமாகவே வைக்க வேண்டும். வீட்டு பிரிட்ஜும் ஆகாது. சாதாரணக் கரைசலில் மூன்று நாள் வரைக்கும்தான் தெம்பாக இருக்கும். ஆனால் ஒரு தடவை எடுக்கிற விந்தைப் பிரித்தால் பத்துப் பதினைந்து தாய்க்கு வரும். ஒரு தாய்க்கு இருநூறு முந்நூறு கோடி அணு போதும், ஒரு எடுப்பில் அதைப் போல பத்து மடங்குக்கு மேல் கிடைக்கிறது.

ஆக, இதைச் சென்னையில் ஒரு இடத்தில் வைத்து மாநிலம் முழுக்க அனுப்ப முடியாது. மாவட்டத்துக்கு ஒன்றோ, இரண்டு மாவட்டத்துக்கு ஒன்றோ பக்கத்தில் இருக்க வேண்டும். நடக்காத காரியம் இல்லை. மேற்கு ஐரோப்பாவில் பத்தில் ஒன்பது தாய்க்கு மேல் சினை ஊசியில்தான் நிற்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? குவாஹாத்திக்குப் பக்கத்தில் ராணியில் 2002-ல் தொடங்கிய தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம், வடகிழக்கு மாநிலத்துச் சின்ன விவசாயிகளிடம் இதைக் கொண்டுபோயிருக்கிறது. நம்மிடம் காட்டுப்பாக்கத்தில் பல்கலைக்கழகப் பண்ணை இருக்கிறது, படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். கொங்கு நாட்டில் பண்ணைகளும் இருக்கின்றன. இவற்றை இணைக்கிற பாலம்தான் இல்லை.

இதற்கு மறுபேச்சும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் நாலு கிடாவின் விந்தையே வாங்க ஆரம்பித்தால் இனம் குறுகும். அந்த மையத்தில் ஒரு கிடா கெட்டால் நூறு பண்ணை ஒரே நேரத்தில் அடி வாங்கும். பருவத்தைக் கண்டுபிடிக்கவும் கிடா வேண்டும். கிடாவின் வாசனையும் சத்தமும் பட்டால்தான் தாய் அசையாமல் நின்று காட்டும். இதெல்லாம் நியாயமான பேச்சு. அதனால் கிராமத்துக் கிடாவை ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது அதை விடச் சின்னது. தாலுக்காவுக்கு ஒரு கால்நடை ஆஸ்பத்திரியிலாவது பன்றி விந்தைப் பார்க்க ஒரு மைக்ராஸ்கோப், ஒரு போலித் தாய், தெரிந்த ஒரு ஆள். வருசத்துக்கு இரண்டு தடவை, தையில் ஒன்று, ஆனியில் ஒன்று, கிடாவைச் சோதிக்கிற பழக்கம். பத்து நிமிச வேலை.

அந்தப் பத்து நிமிசம் இல்லாததால் என்ன போகிறது என்று கணக்குப் போடுங்கள். ஒரு தாய் ஒரு தடவை திரும்பினால் இருபத்தோரு நாள் வீண். ஒரு நாளைக்கு இரண்டரைக் கிலோ வைத்தால் ஐம்பது கிலோவுக்கு மேல் தீவனம் வீண். ஒரு நல்ல தாயைக் கறிக்கு விற்றால், அதன் வயிற்றில் இன்னும் இருந்த நாலு ஐந்து ஈத்து, நாற்பது ஐம்பது குட்டி வீண். இதற்கு அறியாமை என்று பேர் வைக்கலாம். எனக்கு அது அநியாயமாகவும் தெரிகிறது. வாயில்லாத ஜீவன் மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்திக் கொல்வதற்கு வேறு என்ன பேர்?

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். வியாபாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். கிடாவை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். நேற்று மறுபடி போன் செய்தான்.

“அண்ணா, பாத்துட்டோமுங்க. கால்வாசிதான் ஓடுதாம். டாக்டரு ஆவணி வரைக்கும் கிடாவுக்கு லீவு குடுத்துட்டாரு.”

“தாயி?”

“நாலும் பட்டியிலதானுங்ணா இருக்குது. மறுபடி நல்ல விந்துக்குச் சேத்துப் பாத்துட்டு, அப்பவும் நிக்கலைன்னாத்தான் முடிவு பண்ணணும்னு இருக்கறேன்.”

அது போதும். அந்த நாலில் ஒன்றிரண்டு நிஜமாகவே மலடாக இருக்கலாம். அப்படி இருந்தால் விற்கட்டும், அது பிழைப்பு. சோதித்த பிறகு விற்பதற்கும் சோதிக்காமல் விற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பன்றிப் பண்ணை இல்லாத நகரத்து நண்பர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, சொந்தத்திலோ கல்யாணம் ஆகி இரண்டு மூன்று வருசமாகக் குழந்தை இல்லாத ஜோடி இருந்தால், “விசேஷம் ஏதாச்சும் உண்டா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள். முடிந்தால், உரிமை இருந்தால், அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, “நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துருப்பா, அதுதான் சுலபமானது” என்று சொல்லுங்கள். என் மாமாவிடம் முதல் வருசமே யாராவது இதைச் சொல்லி, அவரும் கேட்டிருந்தால், அக்கா வளைகாப்பு வீடுகளில் பின்வரிசையில் நின்றிருக்க மாட்டாள்.

கிடாவுக்கு மதியத் தண்ணி தெளிக்கிற நேரம் ஆகிவிட்டது. அடுத்த பதிவில் பார்க்கலாம்.